குடியிருப்போர் நலச் சங்கம்: 2021ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, சங்கத்தின் அன்பார்ந்த உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2021 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான சங்கத்தின் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வழக்கமாக இந்த அறிக்கை தண்ணீர்த் தொட்டி, தெருவிளக்கு, சந்தா பாக்கி என்றுதான் போகும். அவற்றைக் கடைசியில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு நிர்வாகக் குழு கூடிய ஒவ்வொரு முறையும் பேசியது ஒரே விஷயத்தைத்தான்: கொரோனா தொற்றைக் கொடுக்காமலும் வாங்காமலும் ஒருவரையொருவர் எப்படிப் பார்த்துக்கொள்வது?

இந்த ஆண்டில் நாம் மூன்று உறுப்பினர்களை இழந்தோம். அவர்களில் இருவரைக் கொரோனா கொண்டுபோனது. அவர்களுடைய இறுதி நிகழ்வுகளுக்கு நம்மில் பெரும்பாலோரால் போக முடியவில்லை. பக்கத்து வீட்டில் இருந்தும் கையைப் பிடித்து ஆறுதல் சொல்ல முடியாமல் போனது இன்றும் மனதை அறுக்கிறது. மூன்று குடும்பங்களுக்கும் சங்கத்தின் ஆழ்ந்த இரங்கல்.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என்று அறிவித்த வாரத்திலேயே நம் மாதக் கூட்டங்கள் ஜூமுக்குப் போயின. அப்படிப் போனதில் யாரை விட்டுவிட்டோம் என்பது இந்த ஆண்டு ஜனவரியில் வருகைப் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. தனியாக வசிக்கும் 14 மூத்த உறுப்பினர்களில் 11 பேர் ஒரு கூட்டத்தில்கூட இல்லை. அதற்குப் பிறகுதான் தொலைபேசித் திட்டம் தொடங்கியது. ஒரு தன்னார்வலருக்கு இரண்டு பேர், தினமும் குறித்த நேரத்தில் ஒரு அழைப்பு. "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று மட்டும் கேட்டவர்களுக்கு அரை நிமிடத்தில் பேச்சு முடிந்துபோனது. பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் முதல் இரண்டு வாரமும் "நல்லா இருக்கேம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார். அவரை அழைத்த பெண் ஒருநாள், "டீச்சர், என் மகளுக்குப் பின்னம் புரியவே மாட்டேங்குது, கொஞ்சம் சொல்லித் தர்றீங்களா?" என்று கேட்டிருக்கிறார். மறுநாள் முதல் நாலு மணிக்கு டீச்சரே அழைக்கத் தொடங்கிவிட்டார். உதவி செய்யப் போகிறவர் உதவி கேட்கவும் வேண்டும் என்று அன்று தன்னார்வலர்கள் அனைவருக்கும் சொல்லி அனுப்பினோம்.

நேரில் கூடுவதைப் பற்றி. முதல் ஆண்டு முழுக்க நாம் கதவுக் கைப்பிடியையும் லிஃப்ட் பொத்தானையும் துடைப்பதிலேயே உழைப்பைச் செலவிட்டோம். சோப்பு போட்டு 20 நொடி கை கழுவுவது இன்றும் தேவைதான். ஆனால் இந்தக் கிருமி பெரும்பாலும் மூச்சுக்காற்றின் வழியாகவே பரவுகிறது என்பது இந்த ஆண்டில் தெளிவாகிவிட்டது. காற்றோட்டம் குறைந்த, கூட்டம் நிறைந்த அறைகளில் இது காற்றில் தங்கிப் பரவக்கூடும் என்று ஏப்ரல் கடைசியில் உலக சுகாதார நிறுவனமும் தன் விளக்கத்தில் எழுதியது. ஆகவே மே மாதம் முதல் கூட்டங்களைத் திறந்தவெளிக்கு மாற்றினோம். இரண்டு மீட்டர் இடைவெளியில் நாற்காலி, முகக்கவசம், ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடையாது.

பாட்டுக் குழு மட்டும் இன்னும் தொடங்கவில்லை. அதில் பலருக்கு என்மீது வருத்தம் உண்டு. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர். சளி போன்ற அறிகுறி இருந்தது ஒரே ஒருவருக்கு. அவரையும் சேர்த்து 53 பேர் நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள். பேசுவதைவிடப் பாடும்போது வாயிலிருந்து நுண்துளிகள் அதிகம் வெளியேறும். நம் குழுவில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் ஆறு பேர். என்னால் துணிய முடியவில்லை.

இனி ஆகஸ்ட் மாதக் கூட்டம். இதை மறைக்காமல் பதிவு செய்வது என் கடமை. அன்று கூட்டம் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் மழை பிடித்துக்கொண்டது. நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு சங்க அறைக்குள் போனோம். சாரல் அடித்ததால் ஜன்னல்களைச் சாத்தினோம். 17 பேர், முக்கால் மணி நேரம். பேசுவது கேட்கவில்லை என்று சிலர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினார்கள். எனக்கு அன்று காலையிலிருந்தே தொண்டை லேசாகக் கரகரத்தது. தூசியாக இருக்கும், இரண்டு தவணை தடுப்பூசியும் போட்டாயிற்று என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். செயலாளர் வராவிட்டால் கூட்டம் எப்படி நடக்கும் என்ற எண்ணமும் இருந்தது. இரண்டு நாள் கழித்து எனக்குத் தொற்று உறுதியானது. அந்த வாரத்துக்குள் மேலும் ஐந்து பேருக்கு. அவர்களில் ஒருவர் ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தார். அவர் நலமாகத் திரும்பி இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவரிடமும் மற்றவர்களிடமும் நேரில் மன்னிப்புக் கேட்டேன். இந்த அவையிலும் கேட்டுக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு கரியமில வாயு அளக்கும் கையடக்கக் கருவி ஒன்றை வாங்கினோம். வெளிக்காற்றில் அது 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு) அளவில் நிற்கும். நாம் விடும் மூச்சு அறைக்குள் தேங்கத் தேங்க எண் ஏறும். செப்டம்பரில் நிர்வாகக் குழுவினர் எட்டு பேர் என்95 முகக்கவசத்தோடு அதே அறையில் உட்கார்ந்து பார்த்தோம். ஜன்னல் சாத்தியபடி இருபத்தைந்து நிமிடத்தில் 1,380. எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, ஒரு மின்விசிறியை வெளிப்பக்கம் திருப்பி வைத்ததும் ஏழு நிமிடத்தில் 640-க்கு இறங்கியது. கருவி கிருமியை அளப்பதில்லை. அடுத்தவர் விட்ட மூச்சை நாம் எவ்வளவு இழுக்கிறோம் என்பதைக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஆனாலும் அந்த எண் ஏறுவதைக் கண்ணால் பார்த்த பிறகு, ஜன்னலைத் திற என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இப்போது அறைக்குள் கூடினால் 800 தாண்டியதும் கூட்டத்தை நிறுத்தி வெளியே வருகிறோம்.

ஆனால் ஆகஸ்டில் தவறியது ஜன்னல் மட்டுமா? "உடம்பு சரியில்லை, வரவில்லை" என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே ஒருவரிடமிருந்து தொற்று பரவக்கூடும் என்பதால், அவர் சொல்லும் நேரம்கூட மற்றவர்களுக்கு முக்கியம். எனவே ஒரு எண்ணுக்கு 'வரவில்லை' என்று ஒரு சொல் அனுப்பினால் போதும், யாரும் காரணம் கேட்கக் கூடாது என்று முடிவு செய்தோம். செப்டம்பரில் ஒரே ஒருவர் அனுப்பினார். டிசம்பரில் ஒன்பது பேர். இந்த ஆண்டில் சங்கம் சாதித்தது என்று எதையாவது நான் சொல்வதானால் இந்த ஒன்பதைத்தான் சொல்வேன்.

ஜூன் மாதம் நடந்த ஒன்றும் இதோடு சேர்ந்தது. தொற்று வந்த ஒரு குடும்பத்தின் பெயரும் வீட்டு எண்ணும் நம் வாட்ஸ்அப் குழுவில் போடப்பட்டன. குணமாகி மூன்று வாரம் ஆன பிறகும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளோடு யாரும் விளையாட வரவில்லை. தாயார் என்னிடம், "இனிமேல் யாருக்காவது காய்ச்சல் வந்தாலும் வெளியே சொல்ல மாட்டோம் சார்" என்றார். ஒருவரை ஒதுக்கினால் பத்துப் பேர் மறைக்கத் தொடங்குவார்கள். யாருடைய நோய் விவரத்தையும் அவர் அனுமதியின்றிக் குழுவில் பகிரக் கூடாது என்ற தீர்மானம் அன்றே நிறைவேறியது. குடும்பத்தாரிடம் தலைவர் நேரில் சென்று வருத்தம் தெரிவித்தார்.

வீட்டுக்கு வீடு நிலைமை வேறு என்பதையும் நாம் பழகிக்கொண்டோம். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் உள்ள வீட்டுக்கும், எல்லோரும் இளவயதினராக உள்ள வீட்டுக்கும் ஒரே விதி பொருந்தாது. "வாசலிலேயே நின்று பேசட்டுமா, உள்ளே வரட்டுமா?" என்று முன்கூட்டிக் கேட்பதை யாரும் இப்போது அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. காது மந்தமான உறுப்பினர் ஒருவர், உதடு தெரியாததால் எட்டு மாதமாக எதுவும் புரியாமலே தலையாட்டிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அன்று முதல் கூட்டங்களில் கரும்பலகை வைத்து எழுதிப் போடுகிறோம். முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவை விரல்நுனியில் காட்டும் ஆக்சிமீட்டரை இரவல் கொடுக்கும் திட்டத்தில் ஆறு கருவிகள் 38 வீடுகளுக்குப் போய் வந்தன. நகப்பூச்சு இருந்தாலும் விரல் சில்லிட்டிருந்தாலும் கருவி தவறாகக் காட்டும், கருமையான தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று உறையிலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம். 94-க்குக் கீழே இறங்கினால் உடனே மருத்துவரை அழையுங்கள். எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால் மூச்சைத்தான் நம்ப வேண்டும்.

நவம்பர் 26 அன்று கொரோனா கிருமியின் ஒமைக்ரான் வகை கவலைக்குரிய திரிபாக அறிவிக்கப்பட்டதால் ஆண்டு விழாவைத் தள்ளி வைத்தோம். பிள்ளைகள் ஒரு மாதம் ஒத்திகை பார்த்திருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது.

தண்ணீர்த் தொட்டி இருமுறை சுத்தம் செய்யப்பட்டது. தெருவிளக்குகளில் இரண்டு இன்னும் எரியவில்லை. வருமானம் இழந்த குடும்பங்களுக்குச் சந்தா தள்ளுபடி செய்யப்பட்டது. பெயர்கள் பதிவேட்டில் இல்லை. கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்களை வைக்கிறேன். ஒன்று, சங்க அறையின் கிழக்குச் சுவரில் இன்னொரு ஜன்னல் திறப்பது. இரண்டு, செயலாளர் வர இயலாத நாளில் இணைச் செயலாளரே கூட்டத்தை நடத்தலாம் என்று விதிகளில் சேர்ப்பது.

இங்ஙனம்,
செயலாளர்