மரம் ஏறுகிறவர்களுக்குக் கையுறை வாங்கித் தருபவர்களுக்கு

லேண்ட்ஸ்கேப் கம்பெனி முதலாளிகளுக்கும், பொருள் வாங்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

விலை கூடிய கையுறை கேட்டு எழுதவில்லை. மலிவானதிலேயே எங்களுக்கு ஏற்றது இருக்கிறது, அதைப் பார்த்து வாங்குங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எங்களுக்குப் பெட்டியில் வருவது ஒரே சைஸ் பருத்திக் கையுறை. என் கை சின்னது. போன மழைக்காலத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரத்திலிருந்து இறங்கும்போது, விரல் நுனிக்கு மேல் தொங்கிய அரை அங்குலத் துணியைக் கயிற்றைச் சுற்றி இறுகி எங்களைத் தாங்குகிற ஹிட்ச் முடிச்சு உள்ளே இழுத்துக்கொண்டது. என் எடை முழுக்க அந்த முடிச்சில்தான் இருந்தது. பக்கத்துக் கிளையைப் பிடித்து எம்பி, எடையைக் குறைத்து, கையை உருவினேன். கையுறை முடிச்சிலேயே நின்றது, விரல் பிழைத்தது.

தோல் கையுறையும் சிங்கப்பூர் வெக்கைக்குச் சரிப்படாது. காலை பத்து மணிக்கே வேர்வையில் ஊறிவிடும், காய்ந்தால் கருவாடு மாதிரி விறைத்துக்கொள்ளும். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை தேக்கா கடைகளுக்குப் போகும்போது சொந்தக் காசில் வாங்கி வருவது, பின்னல் துணியில் உள்ளங்கைக்கு மட்டும் சுருக்கம் சுருக்கமாக லேட்டக்ஸ் ரப்பர் பூசியது. மழையில் நனைந்த கயிற்றையும் நன்றாகப் பிடிக்கும், புறங்கைக்குக் காற்றும் வரும். கயிற்றை வேகமாக ஓடவிட்டால் மட்டும் சுடும். செயின்சா எண்ணெய் பட்டால் லேட்டக்ஸ் கெட்டுவிடும், அதனால் ரம்பம் பிடிக்கிறவருக்கும் லேட்டக்ஸ் ஒவ்வாதவருக்கும் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் பூசியது கொடுங்கள்.

கையுறையில் ஈஎன் 388 என்று, பாதுகாப்புக் கையுறைக்கான ஐரோப்பியத் தரத்தின் பெயரை அச்சடித்து, கீழே எண்கள் இருக்கும். முதல் எண் தேய்மானத்தை எவ்வளவு தாங்கும் என்று சொல்வது, அதிகபட்சம் 4. பட்டையிலும் கயிற்றிலும் நாளெல்லாம் உரசுகிற எங்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது அதுதான். இரண்டாவது எண் கத்தி வெட்டுக்கு; அது பெரிதாக இருக்கிறதே என்று செயின்சாவுக்கும் தாங்கும் என நினைத்துவிடாதீர்கள், அதற்கான சோதனையே வேறு. அப்புறம், கிளைகளைச் சிறு துண்டாக்கும் சிப்பர் இயந்திரத்தில் கிளை தள்ளுகிறவருக்கு முழங்கை வரை நீளும் தளர்ந்த கையுறை வேண்டவே வேண்டாம், கிளை அதில் மாட்டினால் ஆளையும் சேர்த்து இழுக்கும்.

அடுத்த ஆர்டருக்கு முன் சூப்பர்வைசரிடம் ஒரு டேப் கொடுத்து அனுப்புங்கள். கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையைச் சுற்றி அளந்தால் எத்தனை அங்குலமோ, ஏறக்குறைய அதுதான் சைஸ். எனக்கு 7.