கொங்குப் பகுதி மெடிக்கல் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கமுங்க.

"கொழந்தைக்கு நேத்திருந்து வயித்தால போவுதுங்கண்ணா." ஷிப்ட் முடிந்து வரும் அம்மா, டாக்டரிடம் போகுமுன் உங்கள் கல்லாவுக்கு முன்னால்தான் நிற்கிறார். ஓ.ஆர்.எஸ். (பேதிக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்பு-குளுக்கோஸ் பொடி) கொடுக்கிறீர்கள், சரி. எதில் கலக்கப் போகிறார் என்றும் கேளுங்கள்.

21 கிராம் பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. நாலு கிராம் சொச்சம் உள்ளது 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டைப் பிரித்து டம்ளருக்கு ரெண்டு ஸ்பூன் போடுவதும், திக்காக இருந்தால் தெம்பு என்று அரைப் போசி (பாத்திரம்) தண்ணீரில் முழுசையும் கொட்டுவதும் இங்கே சகஜம். உப்பும் குளுக்கோஸும் மிகுந்தால் குடல் உடம்பிலிருந்து தண்ணீரை இழுக்கும். பேதி கூடும், ரத்தத்தில் சோடியம் ஏறும். போசிக்கும் சொம்புக்கும் அளவு கிடையாது. ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் எந்த வீட்டிலும் கிடக்கும், அதைச் சொல்லுங்கள். கொதித்து ஆறிய தண்ணீர். கரைத்தபின் சூடாக்கக் கூடாது, 24 மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

ஒவ்வொரு முறை போன பிறகும், ரெண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாக.

பழச்சுவை டெட்ரா பாக்கெட்டை நீட்டாதீர்கள். சர்க்கரை அதிகம், உப்பு போதாது. 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே அந்தப் பானங்களின் லேபிளில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயர் கூடாது என்று உத்தரவிட்டதே!

ஜிங்க் மாத்திரை அட்டையிலிருந்து நாலு அஞ்சு மாத்திரை மட்டும் வெட்டிக் கொடுக்காதீர்கள். 14 நாள் முழுசாக வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், ரெண்டு முதல் ஆறு மாதம் வரை அதில் பாதி. மூணாம் நாள் பேதி நின்றதும் அம்மாக்கள் நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த சில மாதங்களில் திரும்ப வராமல் காப்பதும் அந்த மாத்திரைதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ்., ஜிங்க் இரண்டுமே இலவசம் என்பதையும் சொன்னால் உங்கள் வியாபாரம் ஒன்றும் படுத்துவிடாது.

பேதியை நிறுத்தும் லோப்பரமைடு மாத்திரை சின்னக் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். குடல் அசைவு நின்று வயிறு உப்பும். சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லாதீர்கள். தயிர்சாதம், குழைந்த பருப்புச் சாதம் கொடுக்கலாம். தொக்கம் எடுக்க (வயிற்றில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று நாட்டு முறையில் எடுக்க) போகிறவர்களைத் திட்டிப் பயனில்லை. போகிற வழியிலும் ஓ.ஆர்.எஸ். கொடுக்கச் சொல்லுங்கள்.

கண் குழி விழுந்தது, துவண்டு கிடக்கிறது, குடிக்க முடியவில்லை, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் பழையபடி ஆகிறது, மலத்தில் ரத்தம். இதில் ஒன்று சொன்னாலும் எதையும் விற்காமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
கிராம சுகாதார செவிலியர்கள் சிலர்