பொருளாளர் பொறுப்பை ஏற்கத் தயங்கும் மகளுக்கு

அன்புள்ள மகளே,

உன் கடிதம் கிடைத்தது. பாட வராது, சபை நடுவே நின்று ஜெபிக்க நாக்கு எழும்பாது, ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளைக் கட்டி மேய்க்கவும் தெரியாது, தெரிந்தது கணக்கு ஒன்றுதான் என்று எழுதியிருக்கிறாய். ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகளைக் கவனிக்கும் சேகர கமிட்டியில் பொருளாளராக இருக்கக் கேட்கிறார்கள், ஆனால் அது அலுவலக வேலைதானே, அதை எப்படி ஊழியம் என்று சொல்வது என்றும் கேட்டிருக்கிறாய். இந்தக் கேள்வி உன்னுடையது மட்டுமல்ல. நம் பிள்ளைகளில் பலர் இதே எண்ணத்தோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால்தான் உனக்கு எழுதுவதை எல்லோரும் வாசிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

தப்பு உன்மேல் இல்லை. ஒலிபெருக்கிக்கு முன்னால் நிற்பவர்களுக்குத்தான் வரம் இருக்கிறது என்று சின்ன வயதிலிருந்தே உங்களை நம்ப வைத்துவிட்டோம். பாட்டுப் போட்டிக்குப் பரிசு கொடுத்தோம், வசனம் ஒப்பித்தால் கைதட்டினோம். ஆராதனை முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு ஆலயத்தை ஒட்டிய அலுவல் அறையான வெஸ்ட்ரியில் உட்கார்ந்து சில்லறையை எண்ணியவரைப் பற்றி ஒருநாளும் உங்களிடம் பேசவில்லை.

வேதாகமத்தில் எஸ்றாவின் புத்தகம் எட்டாம் அதிகாரத்தை எடுத்து வாசி. பாபிலோனிலிருந்து ஜனங்களை எருசலேமுக்கு அழைத்துப்போகும் ஆசாரியர் எஸ்றா. அகாவா நதிக்கரையில் ஜனங்கள் கூடாரம் போட்டிருக்கிறார்கள். எருசலேமுக்குப் போகும் வழியில் சத்துருக்கள் இருக்கிறார்கள். ராஜாவிடம் படைவீரர்களைக் கேட்க எஸ்றா வெட்கப்படுகிறார், தேவன் காப்பார் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டாரே! எனவே உபவாசம் பண்ணி ஜெபிக்கிறார்கள். ஜெபம் முடிந்த கையோடு அவர் செய்ததைப் பார். தராசை எடுக்கிறார். பிரதான ஆசாரியரில் பன்னிரண்டு பேரைப் பிரித்தெடுத்து, வெள்ளி 650 தாலந்து, பொன் 100 தாலந்து (தாலந்து என்பது அந்தக் கால எடை அளவு), ஆலயப் பாத்திரங்களான பணிமுட்டுகள் என்று ஒவ்வொன்றையும் நிறுத்து அவர்கள் கையில் ஒப்புவிக்கிறார். எருசலேமில் திரும்ப நிறுத்துக் கொடுக்கும்வரை விழிப்பாயிருந்து காத்துக்கொள்ளுங்கள் என்கிறார். அங்கே போய்ச் சேர்ந்த நாலாம் நாள் எல்லாவற்றையும் தேவனுடைய ஆலயத்தில் மறுபடி நிறுக்கிறார்கள். நிறையும் தொகையும் எழுதிவைக்கப்படுகின்றன. அதற்கு அடுத்த வசனத்தில்தான் முழுவதையும் எரித்துப் படைக்கும் சர்வாங்க தகனபலி வருகிறது. உபவாசம், தராசு, பயணம், தராசு, பதிவு, பலி. இந்த வரிசையில் எது ஆராதனை, எது அலுவலக வேலை என்று கோடு போட எனக்குத் தெரியவில்லை.

அப்போஸ்தலனாகிய பவுலும் அப்படித்தான். எருசலேமின் ஏழைகளுக்காகச் சபைகளில் சேர்த்த பணத்தை அவர் தனியாகக் கொண்டுபோகச் சம்மதிக்கவில்லை. தன் உடன் ஊழியரான தீத்துவோடு வேறு சகோதரர்களையும் அனுப்புகிறார், அவர்களில் ஒருவர் சபைகளே தெரிந்தெடுத்தவர். கர்த்தருக்கு முன்பாக மட்டும் யோக்கியமாக இருந்தால் போதாது, மனுஷருக்கு முன்பாகவும் அப்படியே இருக்க வேண்டும் என்று காரணமும் எழுதுகிறார். இரண்டாம் கொரிந்தியர் எட்டாம் அதிகாரம். கொடுப்பதைப் பற்றிப் பிரசங்கம் பண்ண அந்த அதிகாரத்தை எடுப்பவர்கள் இந்த இடத்தையும் நிறுத்தி வாசித்தால் நன்றாக இருக்கும்.

நம் திருநெல்வேலிச் சீமைக்கு வருகிறேன். பிடி அரிசிக் காணிக்கை உனக்குத் தெரியும். உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு, சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். வீட்டில் பிள்ளைகளுக்கே போதாத நாளிலும் அந்தப் பிடியை எடுத்துவைத்த தாய்மார்கள் உண்டு. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல் நம் ஜனங்களின் காணிக்கையாலேயே ஊழியரை அனுப்புவது என்று தீர்மானித்தார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா அதன் செயலாளர். தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர் போனார்கள். பிறகு 1912இல் அசரியாவே அங்கே பேராயரானார். இதைப் பேசும்போது போனவர்களைச் சொல்கிறோம். தெற்கே ஒரு கிராமத்தில் சேர்ந்த சில அணாக்கள் சேதமில்லாமல் வடக்கே போய்ச் சேர, யாரோ ஒருவர் விளக்கடியில் உட்கார்ந்து பேரேடு எழுதியிருப்பாரே, அவரை யாரும் சொல்வதில்லை. அவரும் மிஷனெரிதான் என்பேன்.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் கையிலும் பணப்பை இருந்தது என்று உன்னைப் பயமுறுத்துவார்கள். இருந்ததுதான். அதனால்தான் உண்மையுள்ள கைகள் அந்தப் பையை விட்டு ஒதுங்கக் கூடாது.

வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சில காரியங்களில் பிடிவாதமாக இரு. காணிக்கையை ஒருபோதும் தனியாக எண்ணாதே. குறைந்தது இரண்டு பேர் எண்ணி, அன்றைக்கே பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஏழைகள் நிதிக்கு என்று வந்ததை வர்ணம் பூசும் செலவுக்குக் கைமாற்றாகக் கேட்டால், கேட்பவர் எவ்வளவு பெரியவரானாலும் முடியாது என்று சொல். அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்ட பாக்கியை வசூலிக்கும்போது மட்டும் கொஞ்சம் பொறுமை காட்டு. ஆலயத்தில் உற்சாகமாக ஏலம் கேட்டுவிட்டு வீட்டில் கஷ்டப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைச் சபையில் பேர் சொல்லி வாசிக்காதே. வருஷக் கணக்கைப் படிக்கும்போது பீடி சுற்றும் அக்காமாருக்கும் புரியும்படி படி. அவர்கள் போட்ட பணம் அது.

அந்த அக்காமாரைப் பற்றி இன்னொன்று. அவர்களில் பலருக்குத் தங்கள் வருங்கால வைப்பு நிதியில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு உள்ள கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பம் போடத் தெரியாமல் விட்டவர்களும் உண்டு. சுய உதவிக் குழுவின் கடன் புத்தகத்தில் வட்டி சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனைக்குப் பிறகு ஆலய வராந்தாவில் மேசை போட்டு உட்கார உன்னால் முடியுமா? நம் சபையார் மட்டும் என்று வைக்காதே, ஊரில் எந்த அக்கா வந்தாலும் பார்த்துக் கொடு. உன் பேனாவுக்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தோன்றவில்லை.

குருவானவரிடம் சம்மதத்தைச் சொல்லும்போதே உன்னோடு எண்ண இன்னொருவர் வேண்டும் என்று கேட்டுவிடு. பதவிக்காலம் முடிவதற்குள் இளையவர் ஒருவருக்கு வேலையைப் பழக்கியும் கொடு. பழைய பேரேடுகளை வாங்கும்போது கையிருப்பை எண்ணிப் பார்த்து, எழுதி வாங்கிக்கொள். முந்தின பொருளாளர் வருத்தப்படுவாரோ என்று தயங்காதே. எஸ்றா அதிகாரத்தை அவரோடு உட்கார்ந்து வாசித்துவிட்டு எண்ணத் தொடங்குங்கள்.

அன்புடன்,
உன் சித்தி