முன்மண்டபத் தூண் வேலை முடிந்தது: திருப்பணிக் குழுவின் நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். முன்மண்டபத்துச் சிமென்ட் தூண்களுக்கு மார்பிள் போலப் பெயின்ட் அடிக்கும் வேலை முடிந்து, சாரத்தையும் பிரித்தாகிவிட்டது. வரவு செலவுக் கணக்கு ரசீதுகளோடு அலுவலகத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

"நிஜ மார்பிளே ஒட்டியிருக்கலாமே" என்று நிறையப் பேர் கேட்டார்கள். 20 மில்லிமீட்டர் கனமுள்ள பலகை சதுர மீட்டருக்குச் சுமார் 54 கிலோ வரும், உருண்டைத் தூணுக்கு அதை வளைவாக அறுக்கவும் வேண்டும். போதாததற்கு எலுமிச்சைச் சாறு பட்டால் மார்பிள் அரிக்கும், எண்ணெய் இறங்கினால் கறை லேசில் போகாது. நம் கோயிலில் இரண்டுக்கும் குறைவா என்ன? உள்ளே உள்ள கருங்கல் தூண்களுக்கும் சேர்த்து அடித்துவிடலாம் என்ற யோசனையைக் குழு ஏற்கவில்லை. கல்லுக்குப் பெயின்ட் எதற்கு? பின்னால் அதை உரிக்கும்போது சிற்பமும் கல்வெட்டும்தான் தேயும்.

வேலை இழுத்ததற்குக் காரணம் தூண்களின் அடிப்பகுதி. உப்புப் பூத்த பழைய பூச்சைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசினோம். புதுப் பூச்சில் உள்ள காரத்தன்மை ஆயில் பெயின்டின் எண்ணெயைச் சோப்பாக்கி உரித்துவிடும் என்பதால் 28 நாள் கழித்துத்தான் பிரைமரை, அதாவது முதல் அடிப்பூச்சை, தொட்டோம். அப்புறம் மேடுபள்ளத்தை நிரவும் பட்டி, உப்புத்தாள், வெள்ளை ஆயில் பெயின்ட் இரண்டு கோட்டிங்.

பெயின்டரின் கைவரிசை அதற்குமேல்தான். லின்சீட் ஆயிலும் (ஆளிவிதை எண்ணெய்) பெயின்டை இளக்கும் டர்பன்டைனும் கலந்து துணியால் மெல்லிசாகத் தடவி, அந்த ஈரத்திலேயே சாம்பல் நிறத்தைத் திட்டுத்திட்டாக ஒற்றி, காய்ந்த பிரஷால் வருடி மங்கவைத்தார். மார்பிளில் ஓடுவது போன்ற ரேகைக்கு மெல்லிய பிரஷைத் தளர்வாகப் பிடித்து, விரலுக்குள் உருட்டிக்கொண்டே சாய்வாக இழுத்தால் கோடு ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் நூலாகி, கிளைவிட்டு மறைகிறது. அங்கங்கே டர்பன்டைனைத் தெளித்தால் நிறம் விலகி, கல்லுக்குள் ஆழம் இருப்பது போல ஒரு தோற்றம். இன்னும் நாலு கோடு போடச் சொல்லிக் கீழே நின்று சிபாரிசு செய்தவர்கள் உண்டு. அவர் காதில் வாங்கவில்லை, நல்லதாகப் போயிற்று. ரேகை கூடினால் தூண் வரிக்குதிரை ஆகிவிடும்.

லின்சீட் ஆயில் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். விளக்கும் கற்பூரமும் எரிகிற இடம் என்பதால் அவ்வப்போது தண்ணீர் வாளியில் போட்டு, வெளியே கொண்டுபோய் அப்புறப்படுத்தினோம்.

மேலே மஞ்சளிக்காத வார்னிஷ்தான் அடித்திருக்கிறோம். ஆனாலும் லின்சீட் ஆயில் வெளிச்சம் குறைந்த இடத்தில் நாளாவட்டத்தில் கொஞ்சம் மஞ்சளிக்கும், சுவரோரத் தூண்களில் அது தெரியலாம்.

சரி, உங்களிடம் கேட்பது இதுதான்: மிச்ச விபூதி குங்குமத்தைத் தூணில் தடவாதீர்கள், அதற்குத் தட்டு வைத்திருக்கிறோம். அழுக்குப் பட்டால் ஈரத்துணி போதும், சோப்புத்தூள் போட்டுத் தேய்க்க வேண்டாம். விசேஷத்துக்குத் தோரணம் கட்டுபவர்கள் ஆணி அடிக்காமல் கயிற்றால் கட்டுங்கள். கீறல் விழுந்தால் உடனே சொல்லுங்கள், மீதிப் பெயின்ட் ஸ்டோர் ரூமில் இருக்கிறது.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு