காபித்தூள் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்: தூளைக் கண்ணாடி பாட்டிலில் கொடுங்கள்

தமிழ்நாட்டில் கொட்டை வறுத்து, அரைத்து, தூள் விற்கும் கடைக்காரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பெரிய கம்பெனிகளுக்கு நான் எழுதவில்லை. மார்க்கெட் வாசலிலும் கோயில் வீதியிலும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலும் காலை ஏழு மணிக்கெல்லாம் மெஷினை ஓட்டத் தொடங்கிவிடும் உங்களுக்குத்தான் எழுதுகிறேன். "பீபரியும் பிளான்டேஷன் ஏ-யும் பாதிப் பாதி, சிக்கரி இருபது" என்று கொட்டை வகையையும் சிக்கரி அளவையும் நாங்கள் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் கை சரியான டப்பாவுக்குப் போய்விடும். அந்தப் பழக்கத்தின் உரிமையில் ஒன்று கேட்கிறேன். தூளைக் கண்ணாடி பாட்டிலில் கொடுங்கள். நாங்கள் காலி பாட்டிலைக் கழுவிக் கொண்டுவந்தால் அதிலேயே நிரப்பிக் கொடுங்கள்.

நல்ல கொட்டையைத் தேடி சிக்மகளூருக்கும் குடகுக்கும் ஏற்காட்டுக்கும் தாண்டிக்குடிக்கும் ஆள் அனுப்புகிறீர்கள். வறுக்கும்போது நிறம் ஒரு சுற்று கூடிவிடாமல் பக்கத்திலேயே நிற்கிறீர்கள். அரைவை நைசாகப் போனால் ஃபில்டரில் இறங்காது, கொரகொரப்பாகப் போனால் டிகாக்‌ஷன் தண்ணீராக இருக்கும் என்று விரலால் தேய்த்துப் பார்க்கிறீர்கள். இவ்வளவும் செய்துவிட்டு, கடைசியில் அந்தத் தூளை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவரில் கொட்டி, வாயைச் சுருட்டி, பின் அடித்துக் கொடுக்கிறீர்கள். அதுவரை பட்ட பாடெல்லாம் அந்த இடத்திலிருந்து கரையத் தொடங்குகிறது.

காபித்தூள் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். பை முழுக்க மணக்கும். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதைப் பெருமையாகச் சொல்வார்கள், "தூள்னா இதுதான் தூள்" என்று. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பஸ்ஸில் பரவுகிற அந்த வாசனை, டம்ளருக்கு வந்திருக்க வேண்டிய வாசனை. கவருக்குள் நிற்க முடியாமல் வெளியே போய்க்கொண்டிருக்கிறது.

இதன் காரணம் உங்களுக்குத் தெரியாததில்லை, வாடிக்கையாளர்களும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். வறுத்த காபிக்குக் காற்று, ஈரம், வெளிச்சம், சூடு நான்குமே ஆகாது. கொட்டையாக இருக்கும்வரை ஓரளவு தாக்குப்பிடிக்கும். அரைத்தவுடன் காற்றுபடும் பரப்பு பல மடங்கு பெருகிவிடுகிறது. மணத்தைத் தரும் நூற்றுக்கணக்கான பொருட்கள் எளிதில் ஆவியாகிப் போகக்கூடியவை. அரபிகா கொட்டையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய்ப் பசைதான். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டால் நாளடைவில் அது காறல் வாடைக்குப் போகும். மூன்று வாரம் ஆன தூளில் டிகாக்‌ஷன் போட்டால் கறுப்பாகத்தான் இருக்கும், கசக்கவும் செய்யும், ஆனால் மணம் இருக்காது.

ஈரத்தின் கதை நம் ஊரில் தனி. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் காற்றே ஈரத்துணி மாதிரி இருக்கிறது. வறுத்த காபியில் ஈரம் மிகக் குறைவு என்பதால் கிடைத்த ஈரத்தை எல்லாம் இழுத்துக்கொள்ளும். சிக்கரி அதைவிட வேகமாக இழுக்கும். அதனால்தான் சிக்கரி கலந்த தூள், கவரைத் திறந்த சில நாட்களிலேயே கட்டி தட்டுகிறது. உங்கள் கலவை அப்படித்தான் என்று வாடிக்கையாளர் நினைத்துக்கொள்கிறார். கெட்ட பெயர் கடைக்கு வருகிறது.

மெல்லிய பாலிதீன் கவர் தண்ணீரைத் தடுக்கும் அளவுக்கு ஆக்சிஜனைத் தடுக்காது. வாசனைப் பொருட்களைத் தானே உறிஞ்சவும் செய்யும். காலியான கவரை முகர்ந்து பாருங்கள், எவ்வளவு காபி அதில் ஒட்டியிருக்கிறது என்று தெரியும். உள்ளே அலுமினியப் பூச்சு உள்ள தடித்த பாக்கெட் இதைவிட எவ்வளவோ மேல், அதை மறுக்கவில்லை. பிரிக்காதவரை அது நன்றாகவே காக்கும். ஆனால் கத்தரியால் ஒரு முனையை வெட்டிய அடுத்த நிமிடத்திலிருந்து அதுவும் சாதாரணக் கவர்தான்.

அப்புறம் வீட்டில் என்ன நடக்கிறது? கவரின் வாயை மடித்து ரப்பர் பேண்ட் போடுகிறோம். துணி கிளிப் மாட்டுகிறோம். அல்லது அடுப்பு மேடையில் இருக்கும் ஏதோ ஒரு டப்பாவில் கொட்டுகிறோம். அது பிளாஸ்டிக் டப்பாவாக இருந்தால், போன வருஷம் அதில் இருந்த சாம்பார்பொடியின் வாசனை இந்த வருஷக் காபியில் எட்டிப் பார்க்கும். எவர்சில்வர் டப்பா வாசனை பிடிக்காது, வெளிச்சமும் புகாது, ஆனால் பெரும்பாலான டப்பாக்களின் மூடி காற்றுப் புகாத அளவுக்கு இறுகாது. சிலர் கவரோடு ஃபிரிட்ஜில் வைக்கிறார்கள். தினமும் வெளியே எடுத்துத் திறக்கும்போது குளிர்ந்த தூளின்மேல் காற்றின் ஈரம் படிகிறது. சரியாக மூடாத பாக்கெட் என்றால் மாவு வாடையும் பூண்டு வாடையும் வேறு.

கண்ணாடி இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவற்றை ஒரே அடியில் தீர்க்கிறது. அதன் சுவர் வழியே ஆக்சிஜனும் நுழையாது, ஈரமும் நுழையாது. எண்ணெய்ப் பசையோடும் மணத்தோடும் அது எந்த வினையும் புரியாது. வாசனையை உறிஞ்சி வைத்துக்கொள்ளாது. சூடான தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவினால் நேற்று இருந்ததன் தடயமே இருக்காது. இறுகத் திருகும் மூடி இருந்தால் நூறு முறை திறந்தாலும் நூறு முறையும் ஒரே மாதிரி மூடலாம். தூள் எவ்வளவு மீதி, கட்டி தட்டியிருக்கிறதா, இந்த முறை வறுவல் கொஞ்சம் கறுத்துவிட்டதா என்பதெல்லாம் மூடியைத் திறக்காமலே தெரியும்.

இன்ஸ்டன்ட் காபி விற்பவர்கள் இதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறார்கள். அந்தப் பொடி ஈரம் பட்டால் பிசினாகிவிடும் என்பதால் கண்ணாடி பாட்டில், மூடிக்கடியில் ஒட்டிய தாள் என்று பார்த்துப் பார்த்துக் கட்டுகிறார்கள். காபி தீர்ந்ததும் அந்த பாட்டிலை எந்த வீட்டிலாவது தூக்கிப்போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? மிளகும் சீரகமும் நார்த்தங்காய் ஊறுகாயும் குடியேறும். எங்கள் வீட்டு ஜன்னலில் ஒன்றில் மணி பிளான்ட் இருக்கிறது. பாட்டிலுக்கு வீட்டில் இவ்வளவு மரியாதை இருக்கும்போது உங்கள் கடைத் தூள் கவரில் வருவது எனக்குக் குறையாகவே படுகிறது.

கண்ணாடியில் உள்ள சிரமங்களையும் சொல்லிவிடுகிறேன். வெளிச்சம் அதன் வழியே தாராளமாகப் புகும். ஆகவே நிறமில்லாத பாட்டிலில் நிரப்பி வெயில் விழும் ஷோகேஸில் அடுக்கினால் கவரே தேவலை என்று ஆகிவிடும். பழுப்புக் கண்ணாடி கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் பாட்டிலைச் சுற்றிலும் வருகிற மாதிரி அகலமான லேபிள் ஒட்டுங்கள், "அலமாரிக்குள் வைக்கவும்" என்று அதில் ஒரு வரி போடுங்கள். கால் கிலோ தூளுக்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர் பாட்டில் வேண்டும். பாதி காலியான பாட்டிலில் மீதிப் பாதி காற்று என்பதால், அரைக் கிலோ வாங்குபவருக்கு ஒரே பெரிய பாட்டிலைவிட இரண்டு சின்ன பாட்டில் நல்லது; ஒன்று தீரும்வரை அடுத்ததைத் திறக்க வேண்டாம். வறுத்த கொட்டை பல நாட்களுக்குக் கரியமில வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். அரைத்தால் அதில் பெரும்பகுதி சீக்கிரம் வெளியேறிவிடும், ஆனாலும் மெஷினிலிருந்து சூடாக விழும் தூளை அப்படியே அடைத்து இறுக்காதீர்கள். சூடு ஆறட்டும், பிறகு மூடுங்கள். உடைவது பெரிய கவலைதான். கூரியரில் வெளியூருக்குப் போகும் தூளுக்கு நான் பாட்டில் கேட்கவில்லை, அதற்குப் பாக்கெட்டே இருக்கட்டும்.

இன்னொரு விஷயத்தில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. ஒருமுறை பயன்படுத்தி எறிவதற்காகக் கண்ணாடி பாட்டில் கொடுப்பதாக இருந்தால் கொடுக்கவே வேண்டாம். மணலையும் சலவைச் சோடாவையும் சுண்ணாம்புக் கல்லையும் 1500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றி உருக்கித்தான் கண்ணாடி செய்கிறார்கள். கனமும் அதிகம், லாரி டீசலும் அதிகம். ஒரு தடவை காபி கொடுத்துவிட்டுக் குப்பைக்குப் போனால் அந்த பாட்டில் கவரைவிட அதிக எரிபொருளைத் தின்றிருக்கும். திரும்பத் திரும்ப நிரப்பினால்தான் கண்ணாடி நியாயமாகும். உடைந்தாலும் உருக்கி மறுபடி கண்ணாடியாக்கலாம் என்பது அடுத்த லாபம். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் ஒட்டிய பாக்கெட்டில் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டிருக்கிறது. இரண்டையும் பிரிப்பது கடினம் என்பதால் காயலான் கடைக்காரர் அதைத் தொடுவதில்லை, சென்னையில் பெருங்குடி, கொடுங்கையூர் குப்பை மலைகளில் போய்ச் சேர்கிறது.

இந்த இடத்தில்தான் பெரிய கம்பெனிகளால் முடியாதது உங்களால் முடியும் என்கிறேன். எங்கோ ஒரு தொழிற்சாலையில் நிரப்பி நாடு முழுக்க அனுப்பும் பாட்டில் அந்தத் தொழிற்சாலைக்குத் திரும்புவது கஷ்டம். உங்கள் வாடிக்கையாளர் நான்கு தெரு தள்ளி இருக்கிறார். பதினைந்து நாளுக்கொருமுறை, மாதத்துக்கொருமுறை எப்படியும் உங்களிடமே வருகிறார். வரும்போது கையில் காலி பாட்டிலோடு வருவதில் அவருக்கு என்ன கஷ்டம்? சோடாக்கடையில் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து வளர்ந்த ஊர்தானே இது.

பணம் கட்டி பாட்டில் வாங்கினால் ஜனங்கள் திருப்பித் தருவார்களா என்று கேட்பீர்கள். நீலகிரியைப் பாருங்கள். காட்டில் வீசப்படும் மது பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற கவலையில் உயர் நீதிமன்றம் தலையிட்டது. அதன்பின் 2022 மே மாதம் அங்குள்ள டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டில் வந்ததும் அதைத் திருப்பித் தரத் தொடங்கினார்கள். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் திட்டம் போனது. முன்பின் தெரியாத சுற்றுலாப் பயணியே 10 ரூபாய்க்காக பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவருகிறார். மூன்று தலைமுறையாக உங்களிடம் தூள் வாங்கும் குடும்பம் கொண்டுவராதா?

சட்டம் குறுக்கே வருமோ என்றும் சில கடைக்காரர்கள் தயங்குவதைப் பார்க்கிறேன். உணவுப் பொட்டலம் பற்றிய 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில், மறுபடி பயன்படுத்தும் கண்ணாடி பாட்டில்கள் உறுதியாகவும், சுத்தம் செய்யவும் கிருமி நீக்கவும் எளிதாகவும் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. பாட்டிலை மறுபடி நிரப்புவது அதில் கணக்கில் எடுக்கப்பட்ட விஷயம்தான். நீங்களே முன்கூட்டி நிரப்பி விற்கும் பாட்டில் என்றால் எடை, விலை, தேதி எல்லாம் லேபிளில் வேண்டும். சிக்கரி கலந்தால் காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று எழுதியாக வேண்டும், காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இவையெல்லாம் இன்றைக்குக் கவருக்கும் உள்ள விதிகள்தான். கூடவே வறுத்த தேதியையும் எழுதினால் மிகவும் சந்தோஷம்.

செய்முறை பெரிய விஷயமில்லை. வாடிக்கையாளர் கொண்டுவரும் பாட்டிலைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்கிவிட்டு நிரப்புங்கள், அவர் கண் முன்னே. பாட்டில் உள்ளே ஈரம் இருந்தால் தயவு பார்க்காமல் திருப்பிக் கொடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் கால் கிலோவைக் கெடுத்துவிடும். பாட்டில் இல்லாதவருக்குக் கடை பாட்டிலை டெபாசிட் வாங்கிக்கொண்டு கொடுங்கள். திரும்பி வந்த பாட்டிலைக் கொதிநீரில் கழுவி, கவிழ்த்து, ஒரு நாள் முழுக்க உலர விடுங்கள். வாய் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள், சின்னச் சில்லு போயிருந்தாலும் அந்த பாட்டில் வேண்டாம். கண்ணாடியில் வாசனை நிற்காது என்றேன், மூடியில் நிற்கும். மூடிக்குள் இருக்கும் மெல்லிய வளையம் ஊறுகாய் எண்ணெயை ஒருமுறை குடித்துவிட்டால் எத்தனை கழுவினாலும் விடாது. ஆகவே மூடியை மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள், அதற்கான காசை எங்களிடமே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரே ஊரில் இருக்கும் கடைக்காரர்கள் கூடிப் பேசி, எல்லோரும் ஒரே வாய் அளவுள்ள பாட்டிலைப் பிடித்துவிட்டால் இன்னும் நல்லது. மூடியை மொத்தமாக வாங்கலாம், ஒரு கடை பாட்டிலை இன்னொரு கடையில் நிரப்பலாம். போட்டிக் கடையின் பாட்டில் நம் கல்லாவுக்கு வருவதா என்று தோன்றலாம். கும்பகோணத்திலோ மதுரையிலோ ஒரு கடைக்காரர் அதைப் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டால் மற்றவர்கள் பின்னால் வருவார்கள் என்று உண்மையிலேயே நம்புகிறேன். வாய் அகலமாக இருக்கட்டும், ஸ்பூன் நுழைய வேண்டும், கையும் நுழைந்து கழுவ வேண்டும்.

2024 முதல் காபி விலை எப்படி ஏறியது என்று உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? கிலோவுக்கு இவ்வளவு கொடுத்து வாங்கும் தூளில் கடைசி ஸ்பூன்வரை மணம் இருக்க வேண்டும் என்று நாங்கள் ஆசைப்படுவது நியாயம்தானே. முதல் மாதம் எல்லோருக்கும் செய்ய வேண்டாம். வாடிக்கையாக வரும் பத்துப் பேரிடம், "அடுத்த தடவை பாட்டில் எடுத்துட்டு வாங்க, அதுலயே போட்டுத் தரேன்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாடிக்கையாளர் ஒருத்தி