வெட்கப்படாமல் வாசி, மகன்

அன்பின் மகனுக்கு அம்மா எழுதுவது,

கல்லடியில் எல்லோரும் சுகம். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு ஏதாவது வாசிக்கும்படி அங்குள்ள நர்ஸ் மிஸ்ஸி சொன்னதாகவும், அவன் கிடக்கிற கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று வாசிக்க வெட்கமாக இருப்பதாகவும் போனில் சொன்னாய். கூத்தாடுகிற வட்டக்களரியில் ஊரே கேட்கப் பாடின மனிதனின் பிள்ளைக்கு வெட்கமாம்!

குறைமாதப் பிள்ளைகளைப் பார்க்கிற பி.பி.யு.வில் வேலை செய்து பென்சன் எடுத்தவள் சொல்கிறேன், கேள். வயிற்றுக்குள் 25, 26 கிழமையிலேயே பிள்ளையின் காது சத்தத்தை எடுக்கத் தொடங்கிவிடும். உன் மகன் 29 கிழமையில் வந்துவிட்டான். இன்னும் 11 கிழமை வயிற்றுக்குள் தாயின் பேச்சைக் கேட்டிருக்க வேண்டியவன், இப்போது மொனிட்டர் சத்தம் கேட்டுக்கொண்டு கிடக்கிறான். அந்தப் பேச்சை இனி நீங்கள் இரண்டு பேரும்தான் கொடுக்க வேண்டும்.

அவனுக்கு என்ன விளங்கும் என்று கேட்காதே. 1986இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கர்ப்பிணிகள் கடைசி 6 கிழமையும் ஒரே கதையைச் சத்தமாக வாசித்தார்கள். பிறந்த பிள்ளைகள் அந்தக் கதையைக் கேட்பதற்காகச் சூப்பியைச் சூப்புகிற விதத்தையே மாற்றின. கதை விளங்கியா? ஓசை பழகியிருந்தது, அவ்வளவுதான். அதனால் கிரிக்கெட் செய்தி என்றாலும் சரி, வாசி. அப்பாவின் கூத்துக் கொப்பியில் சில பக்கங்களைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் போடுகிறேன். சண்டைத் தருப் பாட்டுகளை மட்டும் விட்டுவிடு, அதையெல்லாம் மெல்லப் படிக்க யாராலும் ஏலாது.

மெல்லத்தான் படிக்க வேண்டும். இந்தப் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் சத்தம் 45 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 1997இலேயே சொல்லிவிட்டது. என் குரலைப் பதிந்து பெட்டிக்குள் போனை வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம். நீயே வாசி, அவனைப் பார்த்தபடி வாசி. விரல்களை விரித்தாலோ, விக்கல் எடுத்தாலோ, கொட்டாவி விட்டு முகத்தைத் திருப்பினாலோ அவனுக்குப் போதும் என்று அர்த்தம், நிறுத்திவிடு. ஒக்சிஜன் இறங்கினால் மிஸ்ஸியைக் கூப்பிடு.

நெஞ்சோடு அணைத்து வைத்திருக்க விட்டால் அப்போது வாசிப்பது இன்னும் நல்லது. இந்தக் கங்காரு முறை 1970களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரி ஒன்றில் தொடங்கியது. இப்போது வசதியான நாடுகளிலும் செய்கிறார்கள், தகப்பன்மாரும் செய்யலாம். தாயின் குரல் அவனுக்கு உள்ளேயிருந்தே பழக்கம். உன்னுடையதை இனித்தான் பழக வேண்டும்.

மருமகள் பால் எடுக்கப் போகிற நேரமெல்லாம் உன் முறை. அவள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா என்றும் பார். விசா அலுவல் முடிந்தால் ஆடியில் வருவேன். என்ன கொண்டுவர வேண்டும் என்று அவளிடம் கேட்டுச் சொல்.

அம்மா