கண்ணீர் வராத மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். நான்கு நாளாக அது மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. பேச்சில் வராதது எனக்கு எழுத்தில்தான் வரும். அதனால் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஆராதனையில் சுற்றி நிற்கிறவர்கள் எல்லாரும் கையை உயர்த்தி அழுகிறார்கள், நான் மட்டும் திரையில் வரும் பாட்டு வரிகளைப் படித்துக்கொண்டு நிற்கிறேன் என்றாய். கூட்டம் முடிந்ததும் ஒரு அக்கா உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீ இரட்சிக்கப்பட்ட நாள், அதாவது இயேசுவை உன் இரட்சகராக ஏற்றுக்கொண்ட நாள் எது என்று கேட்டிருக்கிறார். உன்னால் ஒரு தேதி சொல்ல முடியவில்லை. "அப்போ நான் இரட்சிக்கப்படவே இல்லையாப்பா? நீங்க சொல்லிக்கொடுத்ததை மூளையில வெச்சுக்கிட்டு இருக்கேன், அவ்வளவுதானா?" என்று கேட்டாய்.

அந்த அக்காவை நான் குறை சொல்லமாட்டேன். அக்கறையில்தான் கேட்டிருப்பார். ஆனால் அந்தக் கேள்வி ஒரு ஆளை என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரியும்.

என் பழைய வேதாகமத்தின் முன்னட்டைக்கு உட்புறம் நான்கு தேதிகள் இருப்பதை நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது பார்த்திருக்கிறாய். "அப்பாவுக்கு நாலு பிறந்தநாளா?" என்று கேட்டாய். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். இப்போது சொல்கிறேன்.

பதினேழு வயதில் ஒரு கூட்டத்தில், இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் முன்னே வாருங்கள் என்று ஊழியர் அழைப்புக் கொடுத்தபோது முன்னே போனேன். உடம்பெல்லாம் நடுங்கியது. தேம்பித் தேம்பி அழுதேன். அன்று ராத்திரியே தேதியை எழுதினேன். இரண்டு மூன்று மாதம் காற்றில் நடப்பதுபோல இருந்தது. பிறகு மெல்ல மெல்ல எல்லாம் வற்றிப்போனது. ஜெபம் பண்ண உட்கார்ந்தால் சுவரைப் பார்த்துப் பேசுவதுபோல இருந்தது. அன்றைக்கு நடந்தது உண்மையில்லை போலிருக்கிறது என்று முடிவு கட்டி, அடுத்த வருடம் மறுபடி முன்னே போனேன். முதல் தேதியை அடித்துவிட்டு இரண்டாவதை எழுதினேன்.

மூன்றாவது முறை நடந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவைத் தவிர. அன்று எனக்கு அழுகை வரவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் அழுதுகொண்டிருந்தார்கள். அழாமல் முன்னே போனால் அது செல்லாது என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, இறந்துபோன என் தாத்தாவின் முகத்தை வலுக்கட்டாயமாக நினைவுக்குக் கொண்டுவந்தேன். கண்ணீர் வந்தது. அந்தக் கண்ணீரோடு போய் முழங்கால் போட்டேன். எழுந்தபோது என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. இருந்தும் தேதியை எழுதினேன்.

நான்காவதும் அப்படியே வற்றிப்போன பிறகு, ஒரு வயதான போதகரிடம் அந்த வேதாகமத்தை எடுத்துக்கொண்டு போனேன். அவர் அட்டையைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தம்பி, நாலு நாளும் நீங்க என்ன செஞ்சீங்கன்னு எழுதியிருக்கீங்க. அவர் என்ன செஞ்சார்னு எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. அவரே என் பேனாவை வாங்கி, நான்கு தேதிகளுக்கும் கீழே 'யோவான் 19:30' என்று எழுதினார். வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். 'முடிந்தது' என்று இயேசு சிலுவையில் சொன்ன வசனம்.

அதை வாசித்தபோதும் எனக்கு அழுகை வரவில்லை, கண்ணு. ஆனால் பல வருடங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன். என் இரட்சிப்பு நடந்த இடம் என் நெஞ்சுக்கு வெளியே இருக்கிறது. எனக்குக் காய்ச்சல் வந்தாலும், மனம் மரத்துப்போனாலும், தூக்கக் கலக்கத்தில் ஜெபம் பாதியில் நின்றுபோனாலும் அங்கே நடந்தது நடந்ததுதான்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கதையைக் கூட்டங்களில் நிறையக் கேட்டிருப்பாய். 1738 மே 24, லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டம். இரவு ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் முன்பு தன் இருதயம் விசித்திரமாக அனல்கொண்டதை உணர்ந்தேன் என்று அவர் நாட்குறிப்பில் எழுதினார். இதோடு நிறுத்திவிடுவார்கள். அந்தக் கூட்டத்துக்கு அவர் மனமில்லாமல்தான் போனார். அந்த நேரத்தில் அங்கே யாரும் அவரை உருக்கிப் பேசிக்கொண்டிருக்கவில்லை. ரோமர் நிருபத்துக்குச் சீர்திருத்தவாதி லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். விசுவாசம் என்றால் என்ன என்ற விளக்கத்தைக் காது கேட்டு, புத்தி வாங்கி, அதன்பின் நெஞ்சு சூடானது. இன்னொன்றையும் அந்த நாட்குறிப்பே சொல்கிறது. கொஞ்ச நேரத்துக்குள், 'இது விசுவாசமாக இருக்க முடியாது, சந்தோஷம் எங்கே?' என்ற சோதனை அவருக்கு வந்துவிட்டது. பொங்கி வழியும் சந்தோஷத்தைத் தேவன் சிலசமயம் கொடுப்பார், சிலசமயம் கொடுக்காமலும் இருப்பார் என்று அன்றே கற்றுக்கொண்டதாக அவர் எழுதியிருக்கிறார். ஏழு மாதம் கழித்து, 1739 ஜனவரியில், நான் இன்னும் கிறிஸ்தவன் இல்லை என்றும் அதே மனிதர் எழுதினார். உன் கேள்வி அவருக்கும் இருந்தது.

இப்போது அப்பா விழுந்த அடுத்த பள்ளத்தையும் சொல்லவேண்டும். உணர்ச்சி என்னைக் கைவிட்டதும் நான் நேரே புத்தியின் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். படித்தேன், வாதாடினேன். சபையில் யாராவது சத்தமாக அழுது ஜெபித்தால் உள்ளுக்குள் எரிச்சல் வந்தது. உன் அம்மா ஜெபத்தில் அழுவதையும் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்தேன். நீ அதைக் கவனித்திருப்பாய். பிள்ளைகள் எதைத்தான் கவனிக்கமாட்டார்கள்?

உனக்கு ஆறு வயதில் ஆபரேஷன் நடந்தது உனக்கு லேசாகத்தான் நினைவிருக்கும். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் படித்ததில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. தரையில் இருந்த சதுரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒரு கட்டத்தில் அவள் என்னதான் சொல்கிறாள் என்று தலையைச் சாய்த்துக் கேட்டேன். 103ஆம் சங்கீதம். "என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி; என் முழு உள்ளமே, அவருடைய பரிசுத்த நாமத்தை ஸ்தோத்திரி" என்று ஆரம்பித்து, வரி மாறாமல், விம்மலுக்கு நடுவே ஒவ்வொரு வசனமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து. அன்றைக்கு அந்தப் பெஞ்சில் அறிவு இருந்தது அவளிடம்தான். நான் உணர்ச்சி என்று நினைத்திருந்த அழுகைக்குள் அவ்வளவு வசனம் இருந்தது.

அந்தச் சங்கீதக்காரன் யாரிடம் பேசுகிறான் என்று பார், ம்மா. தன் ஆத்துமாவிடமே பேசுகிறான். 42ஆம் சங்கீதத்திலும் அப்படித்தான்: "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" கலங்கும் நெஞ்சைப் பார்த்து, தெரிந்த உண்மையைச் சொல்லி, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறான். நெஞ்சு உடனே கேட்பதும் இல்லை. 88ஆம் சங்கீதம் கடைசி வரிவரைக்கும் இருட்டாகவே முடிகிறது. அதில் ஒரு துளி ஆறுதலும் இல்லை. அதுவும் வேதத்தில் இருக்கிறது, ஜெபமாகவே இருக்கிறது.

உன் கூட்டத்தில் யாரோ, "மூளையைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு ஆராதிக்க வாருங்கள்" என்று சொன்னதாகச் சொன்னாயே, அது எனக்குக் கோபத்தையே வரவழைத்தது. பவுல் ரோமருக்கு எழுதும்போது 'புத்தியுள்ள ஆராதனை' என்றல்லவா எழுதினார்? பெரோயா பட்டணத்தாரைப் பற்றி அப்போஸ்தலருடைய நடபடிகள் 17:11 சொல்வதைப் பார். அவர்கள் 'மனோவாஞ்சையாய்' வசனத்தை ஏற்றுக்கொண்டார்கள். அதே மூச்சில், காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினந்தோறும் ஆராய்ந்தும் பார்த்தார்கள். ஆசையும் ஆராய்ச்சியும் ஒரே வசனத்தில் இருக்கின்றன. அப்போஸ்தலனாகிய பவுல் சொன்னதையே சரிபார்த்த அவர்களை வேதம் நற்குணசாலிகள் என்கிறது.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தை நிதானமாக ஒருமுறை படி. இயேசுவின் உயிர்த்தெழுதலுக்கு ஆதாரமாக, உங்கள் நெஞ்சு சூடானதே என்று அவர் சொல்லவில்லை. பெயர் சொல்லி ஆட்களைக் காட்டுகிறார்: கேபா என்கிற பேதுரு, யாக்கோபு. ஐந்நூறு பேருக்கும் அதிகமானவர்கள் ஒரேவேளையில் அவரைக் கண்டார்கள், அவர்களில் பலர் இன்னும் இருக்கிறார்கள் என்கிறார். போய்க் கேட்டுப் பாருங்கள் என்பதுதான் அதன் தொனி. கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீண் என்றும் துணிந்து சொல்கிறார். எவ்வளவு கண்ணீர் விட்டிருந்தாலும் வீண்தான்.

அப்படியானால் புத்தி இரட்சிக்குமா? அதுவும் இல்லை. யாக்கோபு 2:19 எனக்கு எப்போதும் ஒரு பயத்தைத் தரும் வசனம். "பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன." தேவன் ஒருவர் என்ற உபதேசத்தில் அவைகளுக்குச் சந்தேகமே கிடையாது. அதோடு நடுங்கவும் செய்கின்றன, உணர்ச்சிக்கும் குறைவில்லை. சரியான அறிவும் இருந்து, உடம்பு அதிரும் உணர்ச்சியும் இருந்து, ஒன்று மட்டும் அவைகளிடம் இல்லை. அவர்மேல் சாய்ந்துகொள்வதில்லை. பழைய சீர்திருத்தச் சபை இறையியலாளர்கள் விசுவாசத்துக்குள் மூன்றைப் பிரித்துக் காட்டுவார்கள்: அறிவது, அது உண்மை என்று ஒப்புக்கொள்வது, அதன்மேல் முழுப் பாரத்தையும் போடுவது. மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டும் பரீட்சை எழுத மட்டுமே உதவும்.

நாம் ஜெபத்தை முடிக்கும்போது சொல்லும் 'ஆமென்' இருக்கிறதே, எபிரெயத்தில் 'விசுவாசிப்பது' என்ற சொல்லும் அதே வேரிலிருந்துதான் வருகிறது. உறுதி, அசையாமை என்பது அந்த வேரின் பொருள். ஏசாயா 7:9இல், "நீங்கள் விசுவாசியாவிட்டால் நிலைபெறமாட்டீர்கள்" என்ற வாக்கியத்தில் இரண்டு வினைச்சொற்களும் அந்த வேரிலிருந்தே வருகின்றன. நிற்கும் இடம் உறுதியா என்பதுதான் கேள்வி. நிற்கும்போது மனம் எப்படி இருந்தது என்பது அதற்குப் பிறகு வருவது.

இதையெல்லாம் படித்துவிட்டு உணர்ச்சியே வேண்டாம் என்று என்னைப்போல நீயும் போய்விடாதே. அதற்காகவே இதைச் சொல்கிறேன். பிரெஞ்சுக் கணித மேதை பாஸ்கலை உனக்குக் கணக்கில் தெரியும். பத்தொன்பது வயதில், தன் அப்பாவின் வரிக் கணக்கு வேலையை எளிதாக்கக் கூட்டல் இயந்திரம் செய்யத் தொடங்கியவர். 1654இல் ஃபெர்மா என்ற இன்னொரு கணித மேதையோடு கடிதத்தில் நிகழ்தகவுக் கணக்குக்கு அடித்தளம் போட்டவர். அதே வருடம் நவம்பர் 23, இரவு பத்தரையிலிருந்து பன்னிரண்டரை வரை அவருக்கு என்னவோ நடந்தது. ஒரு தாளில் 'அக்கினி' என்று எழுதினார். அதன்கீழ், ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், யாக்கோபின் தேவன், தத்துவ ஞானிகளின் தேவன் அல்ல என்று எழுதினார். 1662இல் முப்பத்தொன்பது வயதில் அவர் இறந்த பிறகுதான், சட்டையின் உள்துணியில் அதைத் தைத்து வைத்திருந்தது தெரியவந்தது. ஆனால் அந்த ராத்திரிக்குப் பிறகு அவர் யோசிப்பதை நிறுத்திவிடவில்லை. கிறிஸ்தவ விசுவாசத்துக்குச் சார்பான நியாயங்களைக் கடைசிவரை குறிப்பெழுதிக்கொண்டே இருந்தார். அந்தத் தாளை அவர் யாருக்கும் காட்டினதாகத் தெரியவில்லை என்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். உனக்கும் அப்படி ஒரு ராத்திரி வந்தால் ஸ்தோத்திரம். எனக்கு வந்ததில்லை.

மாற்கு 9ஆம் அதிகாரத்தில் பிள்ளைக்காக வந்த ஒரு தகப்பன் இருக்கிறான். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடே சத்தமிட்டான். தன் விசுவாசம் அரைகுறை என்று வாய்விட்டு ஒப்புக்கொண்டவன். இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. முழுதாக நம்பிவிட்டு வா என்று சொல்லவில்லை. அந்தப் பிள்ளையைச் சுகமாக்கினார். நான் உனக்காக ஜெபிக்கும்போது பெரும்பாலும் அந்த ஒரு வாக்கியத்தோடு நின்றுவிடுகிறேன்.

வரும் ஞாயிறும் ஆராதனைக்குப் போ. அழுகை வந்தால் அழு, வராவிட்டால் பாட்டு வரிகளை அர்த்தம் பார்த்துப் படி. உண்மையல்லாத வரி வந்தால் பாடாதே. அந்த அக்கா மறுபடி தேதி கேட்டால், யோவான் 19:30 என்று பணிவாகச் சொல். அவரிடம் மனத்தாங்கல் வைத்துக்கொள்ளாதே. ராத்திரியில் ஜெபம் வராதபோது 88ஐச் சத்தமாகப் படி, அடுத்து 103ஐயும் படி. அதற்குப் பிறகும் ஒன்றும் தோன்றாவிட்டால் படுத்துத் தூங்கு. எந்த நேரமானாலும் போன் பண்ணு. இந்த முறை போனை அம்மாவிடம் கொடுக்கமாட்டேன்.

அந்தப் பழைய வேதாகமத்தை உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். அட்டை தளர்ந்துவிட்டது, ஒட்டவேண்டும். அம்மா இரண்டு வரி எழுதவேண்டும் என்கிறாள். கீழே இடம் விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா